"சாப்பிட்டாச்சு" என்றார் பெரியவர்

அவள் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். கஞ்சி ஆடை படிந்து அப்படியே கிடந்தது. பெரியவர் ஒரு வாய்கூடத் தொடவில்லை. சாப்பிட்ட பிறகே போட வேண்டிய இன்சுலின் ஊசியோ, அரை மணி நேரத்துக்கு முன்பே அவள் கையாலேயே இறங்கிவிட்டது.

இந்தச் சீனர் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். பேருந்தில் போனில் சீனப் பாடம் கேட்டு, தண்ணீர், வலி, மெதுவாக என்று தட்டுத்தடுமாறிச் சேர்த்த சொற்கள்தான் அவளிடம் இருந்தன. முதலில் நாக்கில் ஒட்டியது "ச்சர் ல மா?" சாப்பிட்டாச்சா? சீனர்களும் ஆளைப் பார்த்ததும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அவள் சொன்னபோது கணவன் சிரித்தான். "அட, நம்மள மாதிரிதான்! அப்போ நீ பொழச்சுக்குவ."

காலையில் நுழைந்ததும் அதையே கேட்டாள். "ச்சர் ல" என்றார் பெரியவர் சிரித்தபடி. சாப்பிட்டாச்சு. கொலைப்பட்டினி கிடந்தாலும் கேட்டவரிடம் சாப்பிட்டாச்சு என்று சொல்கிற சனத்தில் பிறந்தவள்தானே அவளும்? மரியாதைக்குச் சொல்கிறார் என்று தெரிய வேண்டாமா? கிண்ணத்தை ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ!

அறைக்கு ஓடினாள். சட்டை வேர்வையில் நனைந்து, கண் பாதி செருகி, அவர் கை வெடவெடத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னாள். அவர் மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். சர்க்கரையை நனைத்துக் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். "ஐயா, கண்ணத் தொறங்க. என் ராசா, தூங்கிடாதீங்க." படித்த சீனமெல்லாம் பயத்தில் பறந்துபோயிருந்தது.

மகள் பதறிப்போய் நீளமாக என்னென்னவோ கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. "ச்சர் ல மா?"

ஆமாம் என்றால் வேலை பிழைக்கும். ஆனால் வருகிற டாக்டர் வேறு ஏதோ காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

"மே ச்சர்" என்றாள். சாப்பிடல. "நான் பாக்காம ஊசி போட்டுட்டேன்மா." அதைச் சீனத்தில் எப்படிச் சொல்வதென்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மறுபடி சர்க்கரையைக் குழைத்து அவர் கன்னத்துக்குள் தடவினாள். பெரியவரின் பற்கள் மெல்ல அவள் விரலைக் கவ்வின. வலித்தது. இன்னும் அழுத்திக் கடிக்கமாட்டாரா என்று, விரலை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.