பல்பு எட்டிய தூரம்

கூடையோடு சாமந்திக் கொல்லையில் குனிந்த மணிமொழிக்குப் பறிக்க ஒரு பூ இல்லை. செடி இடுப்பு உயரம், தழை கறுகறுவென்று. மொட்டு வரவேண்டிய கணுவிலெல்லாம் இலையும் தளிருமாகக் கிளை நீண்டிருந்தது. கார்த்திகை பிறந்து எட்டு நாள். இப்போது கட்டாத மொட்டு இனி எப்போது கட்டும்? பூக்கிற காலத்தில் பூக்காத கொல்லை வீட்டுக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் போன வாரமே முணுமுணுத்தாள். படுத்துக் கிடந்த அப்பாவோடு அல்லாடியதில் இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விடியற்காலையில் போனது அப்பாவின் உயிர். மூன்று மணிக்குள் எடுத்தாக வேண்டும்.

"காசு குடுத்து வாங்குன பூ என் மேல விழக்கூடாதுடி. எங்கொல்லைப் பூவுலதான் போவணும்" என்று நன்றாக இருந்த நாளில் அப்பா ராஜமாணிக்கம் சிரித்துக்கொண்டே சொல்வார். முப்பது வருஷம் திருவண்ணாமலைக்குப் பூ ஏற்றிய மனுஷன் கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாதவள் என்ன பெண்!

வரப்போடு ஓடினாள். பம்புசெட்டைத் தாண்டியதும் கோடியில் நாலு வரிசை மஞ்சளாகப் பூத்து நின்றது. அதே நாற்று, அதே நாளில் நட்டது, அதே தண்ணீர்.

அங்கே பாடைக்குத் தென்னை மட்டை வெட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா சக்கரவர்த்தி.

"இன்னா சித்தப்பா இது? வூட்டாண்ட ஒன்னுகூடப் பூக்கல. எவனாச்சும் செய்வினை வெச்சிட்டானா?"

"செய்வினையும் இல்ல, ஒன்னும் இல்ல. அதப் பாரு."

தாழ்வாரத்துக் கம்பத்தில் இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

"சாமந்திக்கு ராவுல இருட்டு வேணும்மா. வெளிச்சம் பட்டா பகல்னு நெனச்சிக் கெளை வுட்டுனே போவும், மொட்டு கட்டாது. உங்கப்பனுக்குத் தெரியாததா? சொல்லலியா?"

சொன்னாரே! புரட்டாசியில் பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்ட பிறகு, தாழ்வாரக் கட்டிலில் கிடந்தபடி இடது கையால் அந்தப் பல்பைத்தானே காட்டினார். அப்புறம் கொல்லையைக் காட்டுவார். தொண்டையில் உறுமல், கண்ணில் தண்ணீர். "இருட்டுன்னா பயப்படறாருடி" என்றாள் அம்மா கன்னியம்மாள். அறுபது வாட்ஸைக் கழற்றி நூறு போட்டாள் மணிமொழி. கை இன்னும் வேகமாக ஆடியது. நூறைக் கழற்றி இருநூறு போட்டாள். இரண்டு மாதம் ஒரு ராத்திரிகூட அணைக்கவில்லை. தன் கொல்லை பூக்காமல் போவதைப் படுத்தபடியே பார்த்திருக்கிறார். பெற்ற மகளே அதைச் செய்வதையும் பார்த்திருக்கிறார். ஐயோ அப்பா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோடியில் கிடைத்தது அரைக்கூடை. முகத்துக்கும் மார்புக்கும் சரியாக இருந்தது. காலுக்குச் சித்தப்பா கடைப்பூ வாங்கிவந்து போட்டார். மணிமொழி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எடுத்துப்போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பொழுது சாய்ந்தது. கட்டில் கிடந்த இடத்தில் வைக்க அகல் ஏற்றிக்கொண்டு வந்த கன்னியம்மாள் வாசற்படியில் நின்றாள்.

"ஏண்டி இருட்டாக் கெடக்குது? பல்பப் போடு. அவருக்கு இருட்டுன்னா பயம்டி."

மணிமொழி கம்பத்தடியில் கொல்லையைப் பார்த்தபடி நின்றாள்.

"பீஸ் போயிடுச்சிம்மா" என்றாள்.

இப்போதுதான் கழற்றிய பல்பு, முந்தானைச் சுருட்டலுக்குள் அவள் வயிற்றைச் சுட்டுக்கொண்டிருந்தது.