முப்பது கேபினெட்டுக்கு ஒரு வார்த்தை

"நல்லதா, இல்லையா? ஒரே வார்த்தை. சாயங்காலத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அத்தான் அந்தக் காலி கம்ப்யூட்டர் கேபினெட்டை என் மேஜைமேல் வைத்தார்.

மேஜை என்னுடையது என்று இன்னும் முடிவாகவில்லை. அக்காவின் முகத்துக்காகத் தன் கம்ப்யூட்டர் கடையில் என்னை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று முப்பதாவது நாள்.

அதற்கு முன் ஒரு கிடங்கில் இரவு முழுக்கக் கேமரா திரைகளைப் பார்க்கும் வேலை. பதினாறு திரைகள், பதினாறிலும் ஒன்றும் நடக்காது. எட்டு மாதத்தில் பகலில் தூங்கவும் முடியாமல் இரவில் விழிக்கவும் முடியாமல் போய், ஒரு விடியற்காலையில் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். படிப்பையும் அப்படித்தான் விட்டேன். கிடங்கில் கூட இருந்தவன் எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தான். 'ஆறு மணிக்குள்ள சொல்லு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க' என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். அத்தான் வேண்டாமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

ஒரு நூலகத்துக்கு முப்பது கம்ப்யூட்டர் வேண்டும். அவர்கள் ஒதுக்கிய பணத்துக்கு இருப்பதிலேயே மலிவான கேபினெட்தான் கட்டுப்படியாகும். மொத்த வியாபாரி மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார்.

தூக்கினேன். காலி பிஸ்கட் டப்பா கனம். பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் 'டப்'பென்று திரும்பியது. மட்டம் என்று முடிவு கட்டினேன். பிறகு உள்விளிம்புகளில் விரலை ஓட்டினேன். மலிவுக் கேபினெட் இந்த இடத்தில் ரத்தம் பார்க்காமல் விடாது. என் இடது கையில் அதற்கு நான்கு தழும்புகள் சாட்சி. இதில் விளிம்பையெல்லாம் மடித்துவிட்டிருந்தார்கள். முகம் தெரியாத எவனோ என் விரலை நினைத்திருக்கிறான். நல்லது என்று மாற்றிக்கொண்டேன்.

முன்பக்கத்தில் காற்று போக வலை இருந்தது. வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் சுவர். இரண்டு ஓரத்திலும் சின்ன இடுக்கு, அவ்வளவுதான். மட்டம். மதர்போர்டை வைத்தேன். திருகுத் துளைகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக நின்றன. போன வாரம் இரண்டு மடங்கு விலையுள்ள கேபினெட்டில் இரண்டு துளை ஒத்துவராமல் மல்லுக்கட்டியவன் நான். அப்படியானால் இது நல்லதா? மத்தியானத்துக்குள் தலை சுற்றியது.

"என்ன மாப்ள, பெட்டிகிட்டயே சம்மதம் கேக்குறியா?" என்றார் அத்தான்.

"எதோட ஒப்பிட்டு நல்லதுன்னு சொல்றது அத்தான்?"

"இந்த விலையில கிடைக்கிற மத்த பெட்டியோட."

"அது ஒண்ணும் நம்மகிட்ட இல்லையே."

"அப்ப உன் தலையோட ஒப்பிடு. அதுவும் காலிதான்."

பாக்கி சாமான்களை மாட்டி மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். சூடேறவில்லை. அதிரவில்லை. அந்த இடுக்கே போதும் போலிருக்கிறது. நிறுத்தி, முன்பக்கத்து வயர்களைச் செருகி, மூடினேன். நாலரை மணிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"நல்லது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

ஐந்து மணிக்கு நூலகர் அம்மா வந்தார். "வாங்க மேடம். காலையிலேர்ந்து நம்ம மாப்ள இந்தப் பெட்டியோட குடும்பமே நடத்திட்டான்" என்றார் அத்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து பவர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. நாலு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்தது.

"என்ன தம்பி, தானா அணையுது?"

திறந்து, முன்பக்கத்து வயரைக் கழற்றி, என் வழியில் கிளப்பினேன். அழகாக ஓடியது. "பாருங்க மேடம், ஓடுது." வயரைத் திரும்ப மாட்டினேன். நாலு நொடியில் அணைந்தது. மெமரியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். அதே நாலு நொடி. என் கையில் உயிரோடு இருப்பது அவர் முன்னால் செத்துச் செத்துப் போனது. ஒன்றும் விளங்கவில்லை. அத்தான் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்த பட்டன் உள்ளயே நிக்குதே. வெளிய வரணும்ல?" என்றார் அந்த அம்மா.

அழுத்திய பொத்தான் குழிக்குள் மாட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. பொத்தானை நாலு நொடி அழுத்திப் பிடித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அணையத்தானே செய்யும்.

"காலையிலேர்ந்து எதுல ஸ்டார்ட் பண்ணின?" என்று அத்தான் கேட்டார்.

ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக் காட்டினேன். மதர்போர்டில் பொத்தானுக்கென்று இரண்டு ஊசிகள் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் ஓடும். கடையில் எல்லோரும் அப்படித்தான், அத்தானும் அப்படித்தான். பொத்தானெல்லாம் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் சமாச்சாரம்.

"வீட்டையே அளந்துட்டு வாசக்கதவத் தொறந்து பாக்காம வந்தவன் நீதான்டா."

"அங்க வர்றவங்க இந்த ஒண்ணைத்தான் தொடுவாங்க" என்றார் அந்த அம்மா. "உள்ள மடிச்சிருக்கா, துளை நேரா இருக்கான்னு யாரு பாக்கப் போறாங்க?"

முன்பக்கத்தைக் கழற்றினேன். பொத்தான் குழியின் ஓரத்தில் அரிசி அளவு பிளாஸ்டிக் பிசிறு. பிளேடால் சீவினேன். நாற்பது தடவை அழுத்தினேன். நாற்பது தடவையும் திரும்பி வந்தது.

"இப்ப சொல்லுங்க. நல்லதா, இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அத்தான் கண்ணாலேயே 'நல்லதுன்னு சொல்லு' என்றார். மணி ஐந்தே முக்கால். பிசிறு இந்த ஒன்றில் மட்டுமா, முப்பதிலுமா? சீவியதால் நல்லதாகிவிட்டதா, சீவ வேண்டியிருந்ததால் மட்டமா? விளிம்பை மடித்தவனும் பிசிறை விட்டவனும் ஒரே ஆளா?

"தெரியல மேடம். ஒரு பெட்டிய வச்சு முப்பதுக்குச் சொல்ல முடியாது. இன்னும் நாலு வரட்டும். முதல்ல பட்டன அமுக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

'தெரியல' என்பது கல்லூரியிலும் கிடங்கிலும் 'ஏன் விடுற?' என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன அதே பதில். அந்த அம்மா மேலும் கீழும் என்னைப் பார்த்தார். "வியாழக்கிழமை வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். கோபமா, திருப்தியா, புரியவில்லை.

அத்தான் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு நாலு மாதிரி கேட்டார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே ஸ்க்ரூ டிரைவரால ஸ்டார்ட் பண்ணின, விரல ஒடிச்சிடுவேன்."

'இனிமே' என்றாரா?

"அத்தான், நாளைக்கு நான் வரணுமா?"

"பின்ன? நாலு பெட்டி வருது. உங்க அக்காவா வந்து பட்டன் அமுக்குவா?"

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு என்று கிடங்கில் கூட இருந்தவனுக்குச் செய்தி அனுப்பினேன். கிளம்பும்போது கேபினெட்டின் பக்கத் தகட்டை இன்னொரு முறை அழுத்தினேன். குழிந்தது. 'டப்'பென்று திரும்பியது. நல்லதா இல்லையா என்று அப்போதும் தெரியவில்லை.