மேலாளரின் திறந்த பீரோ

அலுவலகத்தில் நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனி வலைப்பக்கம் வேண்டுமென்று மேலாளர் உத்தரவு போட்டார். சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். ஒவ்வொருவர் பெயரிலும் ‘வெளியே’ என்று ஒரு ஃபோல்டர் திறந்தேன். அதில் எதைப் போட்டாலும் உலகமே பார்க்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மேலாளர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அலுவலகமே என்மேல் பாசத்தைக் கொட்டியது. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கணக்கர் தன் நாற்காலியைத் தந்தார்.

பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது காரணம் புரிந்தது. மேலாளர் முகப்புப் பக்கம் எழுதவேயில்லை. முகப்பு இல்லாவிட்டால் உள்ளே கிடக்கும் கோப்புகளையெல்லாம் சர்வர் வரிசையாகக் காட்டிவிடும். ‘இடமாற்றப் பட்டியல் கடைசி’, ‘இடமாற்றப் பட்டியல் நிஜமாகவே கடைசி’. திறந்தேன். முதல் பெயரே என்னுடையது, எங்கோ கோடியிலிருக்கும் கிளைக்கு. காரணம்: ‘சர்வர் தானாக ஓடுகிறது.’

மனைவிக்கு எட்டாம் மாதம். அவள் வேலையும் இந்த ஊரில்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டால் தானாகத்தான் ஓடும்.

நேராக மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“என் ரூம் பூட்டித்தானே இருக்கு?” என்றார்.

“ரூம் பூட்டித்தான் சார் இருக்கு. பீரோ தெருவுல நிக்குது.”

“யார் யார் பாத்தாங்க?”

சர்வரின் பதிவைப் பார்த்தேன். “நம்ம ஆளுங்க நாப்பது பேர். வெளியிலேருந்து ஒருத்தர்.”

“தலைமை ஆபீஸா இருக்குமோ?” அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. “உடனே மூடுப்பா.”

“சர்வர் தானா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க சார். தானா மூடிக்கட்டுமே.”

முறைத்தார். பிறகு பட்டியலைத் திறந்து என் பெயரை எடுத்தார். ‘சத்தியமாகக் கடைசி’ என்று சேமித்தார். வெளியிலிருந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஃபோல்டரை மூடினேன்.

வீட்டுக்குப் போனால் கூடத்தில் கால்வைக்க இடமில்லை. ஆறு அட்டைப்பெட்டிகள். ஒன்றின்மேல் ‘குழந்தைத் துணி’ என்று மனைவியின் கையெழுத்து.

“என்னம்மா இது?”

“உங்க பக்கத்தைப் பாக்கச் சொன்னீங்கல்ல? பாத்துட்டு, அப்படியே உங்க மேலாளர் பக்கம் எப்படியிருக்குன்னும் பாத்தேன்.” மூச்சு வாங்க உட்கார்ந்தாள். “நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு நாள் இருந்தேன். உங்களைத் தனியா அனுப்பமுடியுமா? சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது.”

மேலாளரைக் கதிகலங்க வைத்த அந்த வெளியாள் இவள்தான்.

“போக வேண்டாம். பேரை எடுத்துட்டாரு.”

கொஞ்சநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டிகளைக் காட்டினாள்.

“பிரிங்க. தானாப் பிரியாது.”