புகைக்குழாய் ஜாயிண்டில் ஒரு சத்தம்

லாரி இன்னும் ஏரிக்கரை வளைவே திரும்பவில்லை, அதற்குள் சுப்புராயனுக்குத் தெரிந்துவிட்டது, இது பழைய இன்ஜின் இல்லை. பழையது அடித்தொண்டையில் உறுமும், அவசரப்படாது. இதுவோ டர்போ வைத்தது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விசில் அடித்தது. போதாக்குறைக்கு சைலன்சரையும் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருக்கிறான் மகன். அடப்பாவி, பாகூரையே கிடுகிடுக்க வைக்கிறானே என்று மனசுக்குள் திட்டினாலும் சுப்புராயனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வாய்விட்டுத் திட்ட வழியில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து 'ஆ' என்ற ஒரே சத்தம்தான் வரும். இடது கையை மட்டும் அரைகுறையாகத் தூக்கலாம். காலமெல்லாம் கரும்பு லாரி ஓட்டியவனைக் கட்டிலில் கிடத்திவிட்டது தெய்வம்.

கலைவேந்தன் கரும்பு லோடோடு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றான். வண்டியை அணைக்காமலே தலையை நீட்டினான்.

"யப்பா, கேட்டியா? வில்லியனூர் பட்டறையில மாத்துனேன். செகண்ட் ஹேண்டு இன்ஜின்தான், இன்னாமா பேசுது பாரு!"

அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் சுப்புராயன் காதில் விழுந்தது. குழாயின் அலறலுக்கு அடியில், முன்பக்கத்திலிருந்து, தஸ்... தஸ்... தஸ்... இன்ஜினோடு புகைக்குழாய் சேருகிற ஜாயிண்டில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. அது அந்தக் காலத்து வண்டி, இன்ஜின் இருப்பதே பாதி கேபினுக்குள்தான். கசிகிற விஷப்புகை எங்கே போகும்? கியர் ராடு ஓட்டை வழியாக ஓட்டுகிறவன் காலடிக்குத்தான் வரும்.

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் தப்பிக்கலாம். ஆனால் சர்க்கரை ஆலை வரிசையில், மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டே தூங்கிப்போன டிரைவர் முத்துசாமியைக் கதவை உடைத்துப் பிணமாக இறக்கியவன் சுப்புராயன். தூங்கின முகம் தூங்கினபடியே இருந்தது.

"ஆ! ஆ!"

"பாரு அர்ச்சனா, அப்பாவுக்கு எம்மாம் குஷி!" கலைவேந்தன் அப்பாவுக்காகவே ஆக்சிலேட்டரை இன்னும் ஓங்கி மிதித்தான்.

சுப்புராயன் கையைத் தூக்கி மூக்கைக் காட்டினான். மருமகள் அர்ச்சனா துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டாள். லாரியின் முன்பக்கத்தைக் காட்டினான். "நல்லா பாக்கணுமா மாமா?" என்று ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள். மூச்சு முட்டுவதுபோல் கழுத்தைப் பிடித்துக் காட்டினான். தண்ணீர் கொண்டுவந்து புகட்டினாள். அது கடைவாயில் வழிந்தது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவனுக்கு வாயில்லை, சரி, அதற்கு அவன் பிள்ளையா சாகவேண்டும்?

"வரேம்பா. செல்ஃப் வீக்கா கீது, ஆஃப் பண்ணா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். வரிசையிலயும் ஓடவுட்டே நிக்க வேண்டியதுதான்."

லாரி கிளம்பியது. கிருமாம்பாக்கம் பக்கம் போய் மெயின் ரோட்டில் ஏறும்வரை விசில் கேட்டது. சுப்புராயனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஊமை கண்ட கனவை யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சோறு ஊட்ட வந்த அர்ச்சனா அழுகை நிற்காததைப் பார்த்துப் பயந்துபோய்ப் புருஷனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னாங்க, நீங்க போனதுலேருந்து மாமா அழுதுனே கீறாரு. ஒரு வார்த்த பேசுங்க."

"யப்பா, சாப்புடுப்பா. வரிசை நகரவே இல்ல, பேய் மழை. கண்ணாடிய ஏத்திட்டுக் குந்தினுகீறேன்." குரல் குழறியது. "தல வேற வலிக்குது அர்ச்சனா. வாந்தி வர மாதிரி கீது."

அவன் பேச்சுக்குப் பின்னால் தஸ்... தஸ்... என்று அது ஓடிக்கொண்டே இருந்தது.

"ராத்திரியெல்லாம் லோடு ஏத்துனா வலிக்காம இன்னா பண்ணும்? செத்த படுத்துத் தூங்குங்க."

"ஆ! ஆ! ஆ!" சுப்புராயன் கட்டில் ஆட ஆடக் கத்தினான். தட்டு கீழே விழுந்து சோறு சிதறியது.

"பாருங்க, மாமாவும் அதத்தான் சொல்றாரு," என்றாள் அர்ச்சனா சிரித்துக்கொண்டே. "தூங்குங்க, நான் போன் பண்ணி எழுப்ப மாட்டேன்."

போனை வைத்துவிட்டு, சாரல் உள்ளே அடிக்கிறதென்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.