குளிசை

மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸ்ஸர் நாகையாவின் கௌரவத்தைச் சுமக்கவே தனியாக இரண்டு ஆள் வேண்டும். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலைதான். நடையைப் பார்த்தால் சீமையில் படித்துவிட்டு வந்தவன் என்று தோன்றும். அவனுக்கு ஆகாத ஒரே ஆள், மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்துக் கனகசபை. வெள்ளைக்கார டாக்டர் துரையின் முன்னால் நாகையா பேசிய இங்கிலீஷைக் கேட்டுக் கனகசபை ஒருநாள் சிரித்துவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வேலையோ இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது. வீட்டுக்குப் போகிற நோயாளிக்குக் கனகசபை ஜன்னல் வழியே மருந்து கொடுப்பார். அவர் தமிழ் தோட்டத்து ஜனங்களுக்குப் பிடிபடாது என்பதால் நாகையா பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். இது துரை போட்ட ஏற்பாடு.

மலேரியாவில் செத்துப் பிழைத்த ரெங்கசாமி வீட்டுக்குப் போகிற நாள் அது. மாத்திரையை விட்டால் காய்ச்சல் திரும்பும், இன்னொரு தடவை இந்த உடம்பு தாங்காது என்று துரை சொல்லியிருந்தார். மருந்து வாங்க அவன் பெண்சாதி தனலெட்சுமி ஜன்னலில் நின்றாள்.

“காலமை ஒரு குளிசை, பின்னேரம் ஒரு குளிசை. மறக்காமல் போடுங்கோ. விளங்குதோ?” என்றார் கனகசபை.

யாழ்ப்பாணத்தில் குளிசை என்றால் மாத்திரை. தனலெட்சுமி அதை எங்கே கண்டாள்? பயந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்ற நாகையாவிடம் வந்தாள்.

“ஐயா, ரெண்டு வேளையும் குளிக்கச் சொல்றாரு. இத குளிக்கிற தண்ணியிலதானே போடணும்?”

நாகையாவுக்கு உடனே புரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கனகசபையின் தமிழ் லட்சணம் துரைக்குத் தெரியட்டுமே என்று அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“அவரு சொன்னபடி செய், போ” என்றான். சே, அவனும் ஒரு மனுஷன்!

அடுத்த வாரமே ரெங்கசாமியை மாட்டு வண்டியில் கிடத்திக்கொண்டு வந்தார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று துரை கையை விரித்தார்.

“வேளை தவறாம மாத்திரையைக் கரைச்சுத்தான் குளிப்பாட்டினேன் சாமி!” என்று தனலெட்சுமி அலறினாள்.

“என்ன சொல்கிறாள்?” என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

நாகையா காத்திருந்த நேரம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கனகசபை தொலைந்தார். அப்போது நீ எங்கே நின்றாய் என்று அடுத்த கேள்வி வருமே! அந்த அறிவு அப்போதுதான் அவனுக்கு வந்தது.

“மாத்திரையைக் கொடுக்கவே இல்லையாம், சார். நான் படித்துப் படித்துச் சொன்னேன். இந்த ஜனங்களே இப்படித்தான்” என்று இங்கிலீஷில் அவிழ்த்துவிட்டான்.

விஷயம் விளங்கி முகம் வெளுத்து நின்ற கனகசபை அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாம் சார், என் கண் முன்னால்தான் சொன்னார்.”

பேசாத இரண்டு வாயும் ஒன்று சேர ஒரு பொய் வேண்டியிருந்தது.

தனலெட்சுமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் புருஷனைக் காப்பாற்றச் சொல்லி இருவரும் துரையிடம் மன்றாடுகிறார்கள் என்று நினைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நாகையா கூச்சமில்லாமல் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டான்.