வெல்லக்கடையில் வெள்ளம்

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பட்டப்பெயர் வாங்கியவளும் நான்தான். மலையாள நாட்டில் எங்கள் கடை இருக்கும் ஆரியசாலைத் தெருக்காரர்களுக்கு நான் ஸ்ரீப்ரியா இல்லை, சேட்டிலைட்டு. வெள்ள முன்னெச்சரிக்கை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பது என் வேலை. போன மாதம் பெருமழை என்றேன். மேகம் கடலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. அப்பா வேலப்பன் வெல்ல மூட்டைகளை மாடிக்கு ஏற்றி, சுள்ளென்ற வெயிலில் இறக்கினார். தெருவே சிரித்தது.

இன்று காலை திரையில் மேகத்தின் உச்சி குளிர்ந்துகொண்டே போனது. உச்சி குளிரக் குளிரக் கீழே பேய்மழை. அதுவும் இந்த முறை நகரத்தை நோக்கி நகர்ந்தது. எங்கள் கடையோ சந்தின் பள்ளத்தில். சாமிமார் மாலை போடும் மண்டல சீசனுக்கு வாங்கிய வெல்லம் முழுக்கத் தரையில். தண்ணீர் ஏறினால் பாயசம்தான். கடையை மூட வேண்டியதுதான்.

போன் செய்தேன்.

"அப்பா, சாயங்காலத்துக்குள்ள கடையில வெள்ளம் வரும்."

"வெல்லக்கடையில வெல்லம் வராம பின்னே என்னட்டீ வரும்?"

"வெளையாடாதீங்க! ஆரஞ்சு அலர்ட் குடுத்தாச்சு."

"அது பிள்ளையளுக்கு லீவு கெடைக்குமான்னு பாக்கதுக்கு. போன தடவை பிடிச்ச இடுப்பே இன்னும் நேராகல மக்ளே." வைத்துவிட்டார்.

பல்லைக் கடித்தபோதுதான் உறைத்தது. தமிழில் சொன்னால் அப்பாவுக்கு அது வீட்டுப் பேச்சு. மலையாளத்தில் சொன்னால்தான் சர்க்கார்.

அலுவலகப் போனை எடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலப்பன் அல்லே? முன்னறியிப்பு ஆபீஸில் நின்னாணு. கடையில் வெள்ளம் கேறும். சாதனங்ஙள் உடனே மேலேக்கு மாற்றணம்."

நாற்காலி தள்ளப்படும் சத்தம். எழுந்து நின்றுவிட்டார்!

"ஓ மேடம்! இப்போ மாற்றாம் மேடம்!" போனை வைக்கக்கூட இல்லை, கடைப் பையனை விரட்டினார். "லேய் சுனிலே, மூட்டைய ஏத்துலே! கவர்மெண்டு சொல்லுது!"

சாயங்காலம் சந்தில் முழங்காலளவு தண்ணீர். கடையில் நனைந்தது அந்த நாற்காலி மட்டும்.

சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா அம்மாவிடம் உருகிக்கொண்டிருந்தார்.

"அந்த மேடம் விளிக்கலன்னா நாம தெருவுல நிக்கணும். என்ன ஒரு தெளிவு!" என் பக்கம் திரும்பினார். "நீயும் அங்கதான இருக்க? அவ கிட்ட வேலையப் படிச்சுக்கோ."

"அது நான்தாம்ப்பா!"

"போட்டீ. அது அசல் மலையாளமாக்கும்."

"நாளைக்கும் மழை இருக்கு. மூட்டைய இறக்கீராதீங்க."

"மேடம் விளிக்கட்டும், பாப்போம்."

ஈரக் கையால் மூக்கைப் பிடித்தேன். "வேலப்பன் அல்லே?"

அப்பா சடாரென்று எழுந்து நின்றார்.