ஆணியில தொங்கின ரெண்டு முடிச்சு

அக்கா. வள்ளியக்கா. தூங்கிடாத, கொஞ்ச நேரம் முழிச்சிட்டு இரு. மெதுவா பேசு, அம்மா அந்த சுவரு ஓரமாதான் படுத்திருக்குது. கோர்ட்டுக்கு கூட்டிக்கினு போக விடியறதுக்குள்ள அய்யூப் பாய் வந்து கதவ தட்டிடுவாரு. அதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சே வெடிச்சிடும்.

நாளைக்கி மெட்ராஸ் லேபர் கோர்ட்ல குடுக்கணும்ல, மில்லு டோக்கன். அது இல்ல. நான் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்.

எழுந்து உக்காராத. கொசுவத்தி மேல கால் படும்.

நீ கல்யாணமாகி கீழ்பென்னாத்தூர் போயிட்ட, கேஸுக்குன்னு இன்னிக்கி ராத்திரிதான் வந்த, உனக்கு பாதிதான் தெரியும். அம்மா கால்ல கொதிக்கற நெல்லு கொட்டி வெந்து போச்சில்ல, அது ஆறி மறுபடி ரைஸ்மில்லுக்கு போனப்ப, வேற ஆள் போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க. அம்மா அப்படியே விட்டிருக்கும். அய்யூப் பாய்தான், யூனியன் இருக்குது, கேஸு போடலாம்னாரு. போட்டாங்க. மில்லுக்காரங்க கோர்ட்ல என்னா எழுதிக் குடுத்தாங்க தெரியுமா? தங்கம்மாள்னு ஒருத்தர் எங்க மில்லுல வேலையே செய்யல, அவங்க யாருன்னே எங்களுக்கு தெரியாதுன்னு. ஒம்போது வருஷம் அந்தக் களத்துல நெல்லு துழாவி துழாவி அம்மா பாதம் எப்படி ஆயிடுச்சி, நீ பாத்திருக்க இல்ல. கைநாட்டு வெச்ச நோட்டெல்லாம் அவங்ககிட்ட. கூட வேல செஞ்சவங்க யாரும் சாட்சி சொல்ல வரல. வந்தா அவங்களுக்கும் வேல போயிடும்.

அம்மாகிட்ட இருந்தது அந்த டோக்கன் ஒண்ணுதான். மில்லு பேரு குத்தி, நம்பர் போட்ட அலுமினிய வில்ல. காலைல குடுப்பாங்க, சாயங்காலம் அத திருப்பிக் குடுத்தாதான் கூலி. கால் வெந்த அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கி தூக்கிக்கினு ஓடினதுல அது அம்மா முந்தானையிலயே தங்கிடுச்சி.

வக்கீல் சக்கரபாணி அத மொதல்லயே கேட்டாரு. அம்மா குடுக்கல. "அதுவும் கைய விட்டு போயிட்டா நான் யாருன்னு சொல்ல என்னா இருக்குது? ஜட்ஜு கைலதான் குடுப்பேன்"னு சொல்லிடுச்சி. ஒரு வாய்தாவுக்கு அம்மாவுக்கு ஜொரம். அடுத்த வாய்தாவுக்கு பஸ் ஓடல. ஜட்ஜு கோவப்பட்டு, இதான் கடசி, நாளைக்கி பத்தரை மணிக்கு டோக்கன வைக்கணும், வைக்கலன்னா சாட்சியம் முடிஞ்சிதுன்னு எழுதிடுவேன், அப்புறம் எத கொண்டாந்தாலும் வாங்க மாட்டேன்னுட்டாரு.

அந்த டோக்கன மஞ்சத் துணில முடிஞ்சி, சாமி படத்து ஆணியில அம்மா மாட்டி வெச்சிருந்துது. அதே ஆணியில இன்னொரு முடிச்சும் இருந்துது. ஒரு ரூபா காசு. கேஸு ஜெயிச்சா உண்டியல்ல போடறேன்னு வேண்டிக்கிட்டு முடிஞ்சது. ரெண்டும் ஒரே துணிய கிழிச்சி முடிஞ்சது, ரெண்டும் ஒரே சைஸு.

நான் எடுக்க நெனச்சது ரூபா முடிச்ச.

திருடலக்கா. செலவு பண்ண எடுக்கல. எதுக்கு எடுத்தேன்னு சொல்றதுதான் கஷ்டமா இருக்குது. இரு.

மில்லுக்காரர் பொண்ணு என் கிளாஸ்தான். முன்ன எல்லாம் ஒரே பெஞ்சு, அவ டிபன்ல இருந்து எனக்கு பாதி வெப்பா. கேஸு போட்டதுல இருந்து பேச மாட்டா. சரி, பேசலன்னா போவுதுன்னு இருந்தேன். அப்புறம் அவளும் அவ கூட இருக்கறவளுங்களும் எனக்கு பேரு வெச்சாளுங்க. "ஏ கேஸு, சாக்பீஸ் எடு." "கேஸு வருது, தள்ளி உக்காருங்கடி." டீச்சர் கூட ஒரு நாள் சிரிச்சிட்டாங்க. இன்னிக்கி தண்ணி டேங்க் கிட்ட அவ எதிர்ல வந்தா. நானா போய், "ஏன் இப்படி பண்ற, நான் உன்ன என்னா பண்ணேன்"னு கேட்டேன். அவ பக்கத்துல இருந்தவள பாத்து சொல்றா, "இவங்க அம்மா யாருன்னே எங்க அப்பாவுக்கு தெரியாதாம். அப்ப இவள மட்டும் எனக்கு எப்படி தெரியும்?"

எல்லாரும் சிரிச்சாளுங்க. நானும் சிரிச்சேன்கா. ஏன் சிரிச்சேன்னு தெரியல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், கரண்ட் இல்ல. அம்மா நாளைக்கி கட்டற பொடவைய மடிச்சி பாய்க்கு அடில வெச்சிக்கினு இருந்துது. "சரசு, நாளைக்கி ஜட்ஜு முன்னாடி எப்படி நிக்கணும், கை கட்டிக்கினு நிக்கணுமா, சும்மா நிக்கணுமா?"ன்னு என்னைய கேக்குது. எனக்கு எரிஞ்சிக்கினு வந்துது. அம்மா தண்ணி எடுக்க கொழாய்க்கு போனப்ப, இருட்டுல தடவி ஒரு முடிச்ச எடுத்துக்கினு பெரிய கோயிலுக்கு ஓடினேன்.

என்னா வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இந்த கேஸு வேணாம் சாமி. அம்மா தோத்தாலும் பரவால்ல. நாளைக்கே முடிஞ்சிடணும். அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். அம்மா ஜெயிக்கணும்னு முடிஞ்ச காச எடுத்துக்கினு போய், அம்மா தோக்கணும்னு நான் போட்டேன். உண்டியல்ல விழுந்த சத்தம் கூட சரியா கேக்கல. துணி சுத்தி இருந்துது இல்ல.

வீட்டுக்கு வந்தா கரண்ட் வந்துடுச்சி. ஆணியில மீதி இருந்த முடிச்ச பாத்தேன். ஓரத்துல ரூபாயோட விளிம்பு துணிக்கு மேலயே தெரியுது. பிரிச்சி பாத்தேன். ரூபாதான்.

நான் கேட்டத சாமி ஒடனே குடுத்துடுச்சிக்கா. அதான் எனக்கு பயமா இருக்குது.

கூட படிக்கற அஸ்மத் வீட்டுக்கு நோட்டு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு மறுபடி கோயிலுக்கு ஓடினேன். நட சாத்தற நேரம். உண்டியல் பக்கத்துல காவலுக்கு காசின்னு ஒருத்தர் உக்காந்திருந்தாரு.

"உள்ள போனது உள்ளதாம்மா. ஆபீசருங்க வந்து சீல உடைக்கணும், எண்ணணும், எழுதணும். நம்ம இஷ்டத்துக்கு கை விட முடியுமா?"

"அது காசு இல்லிங்க. அலுமினிய வில்ல. மில்லு டோக்கன்."

"டோக்கனா? சாமி எந்த மில்லுல வேலைக்கு சேரப் போவுது?" அப்புறம் என் மூஞ்ச பாத்துட்டு கொஞ்சம் எறங்கி வந்தாரு. "அழுவாத. எங்கயும் போவாது. போன தடவ ஒருத்தர் வீட்டு சாவிய போட்டுட்டு பூட்ட உடைச்சிக்கினு உள்ள போனாரு. எண்ணும்போது பத்திரமா எடுத்து வெச்சி குடுத்தாங்க."

"எப்ப எண்ணுவாங்க?"

"அடுத்த மாசம் எண்ணலாம். அதுக்கும் அடுத்த மாசமும் ஆவலாம். சாமிக்கி என்னா அவசரம்?"

அங்க இருந்து நேரா அய்யூப் பாய் சைக்கிள் கடைக்கி போனேன். அவரு கடைய எடுத்து வெச்சிக்கினு இருந்தாரு. சொன்னேன். கைல இருந்த பம்ப கீழ வெச்சாரு.

"எத்தன தடவ கேட்டேன் உங்க அம்மாவ, எங்கிட்ட குடுத்து வைங்கன்னு" அப்படின்னாரு. அப்புறம், "சரி. ஒரு வழி இருக்குது. உண்டியல் தொறக்கற வரைக்கும் டைம் குடுங்கன்னு சக்கரபாணி சார் நாளைக்கே ஒரு பெட்டிஷன் போடலாம். பத்தரைக்குள்ள போடணும். ஆனா டோக்கன் அங்கதான் இருக்குதுன்னு ஜட்ஜு நம்பணும். சும்மா இழுத்தடிக்கறாங்கன்னு நெனச்சிட்டா தள்ளிடுவாரு. போட்டவளே வந்து சொன்னாதான் நம்புவாரு. நீ வர்ற."

"நானா?"

"பின்ன, எங்க வீட்டு ஆடா போட்டுச்சி? கூண்டுல ஏறி சத்தியம் பண்ணிட்டு சொல்லணும். அவங்க வக்கீல் விட மாட்டாரு, ஏம்மா போட்ட, எதுக்கு போட்டன்னு தோண்டுவாரு. ஆமா, எதுக்கு போட்ட?"

"தெரியாம."

"தெரியாமன்னா? தானா நடந்து போயா உள்ள விழுந்துது?"

நான் அழுதுட்டேன். அவரு மேல கேக்கல. "அம்மாகிட்ட நீதான் சொல்லணும். பஸ் ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடு. கோர்ட்ல வெச்சி அவங்களுக்கு தெரியக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

நான் வந்தப்ப அம்மா புளிசோறு கட்டிக்கினு இருந்துது. சாமி படத்த பாத்து, "ராத்திரி அங்கயே இருக்கட்டும், கௌம்பறப்ப எடுத்துக்கலாம்"னு சொல்லுச்சி. ஆணியில ஒரு முடிச்சுதான் தொங்குதுன்னு அது கவனிக்கல. நான் தலையாட்டினேன். எனக்கு ஒரு உருண்ட ஜாஸ்தி வெச்சிது. அதையும் சாப்ட்டேன்.

இப்ப நீ சொல்லப் போறது எனக்கு தெரியும்கா. அம்மா ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு போட்டேன், முடிச்சு மாறிடுச்சின்னு சொன்னா போதும்னு தானே? நானும் அததான் நெனச்சேன், கடையில இருந்து வர்ற வழியெல்லாம். ஜட்ஜும் நம்புவாரு. அம்மாவுக்கு கூட கோவம் வராது. "பாரு, என் பொண்ணு எனக்காக கோயிலுக்கு ஓடியிருக்குது"ன்னு தெருவெல்லாம் சொல்லும். வர்ற வருஷம் பூரா சொல்லும். அது சொல்றப்பல்லாம் நான் பக்கத்துல நிக்கணும்.

அந்த மில்லுக்காரங்க, இவங்க யாருன்னே தெரியாதுன்னு பொய் எழுதிக் குடுத்தாங்க. அது வேற. ஆனா அம்மா யாருன்னே தெரியாத மாதிரி நான் சாமிகிட்ட போய் நின்னேன். நெனச்சா எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்குது.

அம்மா பொரண்டு படுக்குது பாரு. கால் எரிச்சலா இருக்கும். அந்தக் கால் வெந்ததுக்குத்தான் இவ்ளோவும்.

வேணாம்கா, அம்மாகிட்ட நீ போய் சொல்லாத. நீ சொன்னா, நீ எனக்கு பரிஞ்சி பேசுவ, அம்மா உனக்காக சரின்னுடும். கைய விடு. எழுந்து போறேன்.

அம்மா. அம்மா, எழுந்திரு. இல்ல, பாய் இன்னும் வரல, பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. லைட்டு போடாத. டோக்கன பத்தி ஒண்ணு சொல்லணும். இல்ல, மொதல்ல அது இல்ல. மொதல்ல, நான் இன்னிக்கி கோயில்ல உனக்கு என்னா வேண்டிக்கிட்டேன்னு சொல்லணும்.